முதல் பைக் ராலிக்குப் போகிறவர்களுக்கு, கொழிஞ்சாம்பாறையிலிருந்து

60 கிலோமீட்டர் மண் பாதை என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரியாக 40-ல் போனால் ஒன்றரை மணி நேரம். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு 45-ல் போனால் 80 நிமிடம். ஆக, ஒவ்வொரு வளைவிலும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டி மிச்சம் பிடித்தது பத்தே நிமிடம். நடுவில் ஒரு பஞ்சர் என்றால் புது ஆள் ட்யூப் மாற்ற அரை மணி நேரம் ஆக்குவார். வழி தவறி நாலு கிலோமீட்டர் போய்த் திரும்பி வந்தால் அதில் பன்னிரண்டு நிமிடம் காலி. இந்தக் கணக்கு மண்டையில் ஏறியிருந்தால் முதல் ராலியை முடித்துவிடலாம். எனக்கு ஏறவில்லை, அதனால் என் முதல் ராலியிலிருந்து பிக்கப் வண்டியின் பின்னால், என் பைக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் வீடு திரும்பினேன்.

நான் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரன். ரேஷன் கார்டுக்குச் சித்தூர், சந்தைக்குப் பொள்ளாச்சி, வீட்டில் பேச்சு தமிழ். வாரத்தில் ஆறு நாள் தென்னை நார் மில்லில் வேலை, ஞாயிற்றுக்கிழமை வண்டி. எங்கள் மாவட்டத்து ஷொர்ணூரைச் சேர்ந்த ஹரித் நோவா 2024-ல் டக்கார் என்ற பாலைவன ராலியில் ராலி 2 பிரிவை வென்று, மொத்தத்தில் 11-வதாக வந்த பிறகு, மில்லுக்கு லோடு ஏற்ற வரும் பையன்கள்கூட ஷெட்டில் நிற்கும் என் வண்டியைப் பார்த்துவிட்டு "அண்ணா, நம்மளும் ஓட்டலாமா?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். ஒவ்வொருத்தனிடமும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எதில் தொடங்குவது

ராலி என்ற ஒரே பெயரில் நாலைந்து விதமான போட்டிகள் நடக்கின்றன. எது எது என்று தெரியாமல் பணத்தைக் கட்டிவிட்டு, அங்கே போய் முழித்தவர்கள் உண்டு. டி.எஸ்.டி. என்பது நேரம், வேகம், தூரம் மூன்றையும் கணக்குப் போட்டு ஓட்டுவது. இங்கிருந்து அங்கே வரைக்கும் சராசரி 28 கி.மீ. வேகத்தில் போ என்பார்கள். முந்திப் போனாலும் புள்ளி போகும், பிந்திப் போனாலும் போகும், நேரம் குறிக்கிற ஆள் எந்த மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்லவும் மாட்டார்கள். தினமும் வேலைக்குப் போகிற வண்டியே இதற்குப் போதும். ராலி ஸ்பிரிண்ட் என்பது பொதுப் போக்குவரத்தை அடைத்துவிட்ட மண் பாதையில், சில கிலோமீட்டர் மட்டும், ஒருவர் பின் ஒருவராக விட்டு நேரம் எடுப்பது. ஸ்டேஜ் ராலியில் அப்படிப்பட்ட பாதைகள் பல இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு ஸ்டேஜ். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஊர் ரோட்டில், சிக்னலில் நின்று, எல்லாரையும் போல போய்ச் சேர வேண்டும். கிராஸ் கன்ட்ரிதான் டக்கார் வகை: பல நாள், தெரியாத பாதை, கையில் வழியைக் குறித்த ரோடு புக் மட்டும்.

முதலில் ஒரு டி.எஸ்.டி., அப்புறம் இரண்டு ராலி ஸ்பிரிண்ட், அதற்கப்புறம் கிராஸ் கன்ட்ரி என்று போங்கள். டி.எஸ்.டி.யைக் கிழவர்கள் ஆட்டம் என்று நக்கலடிப்பவர்கள் உண்டு, நானும் அடித்திருக்கிறேன். ஆனால் ஓட்டிக்கொண்டே ரோடு புக் படிக்க, விழுந்து எலும்பை முறிக்காமல் கற்றுக்கொள்ள அதைவிட மலிவான வழி எதுவும் இல்லை.

பாலக்காட்டுக் கணவாயின் இந்தப் பக்கம் இருப்பதில் ஒரு வசதி, கோவை பக்கத்திலேயே இருக்கிறது. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே தார்ப் பாதை, அது நமக்கில்லை. ஆனால் மண்ணில் ஓட்டுகிற ஆட்களும், அவர்கள் வண்டியைப் பிரித்து மேய்கிற மெக்கானிக்குகளும் கோவையில் நிறைய. கேத்தனூர் பக்கம் காற்றாலைகளுக்கு நடுவே கார் ராலி நடந்தால் ஒரு தடவை போய் நில்லுங்கள். சும்மா வேடிக்கை பார்ப்பதைவிட, பாதையோரம் கொடி காட்டும் மார்ஷலாகப் போவது இன்னும் நல்லது, பெரும்பாலும் ஆள் தேவைப்படும். ஒரு நாள் முழுக்க வெயிலில் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் பிடித்து நின்றால், யார் எங்கே எதனால் விழுகிறார்கள் என்பது கட்டணம் கட்டாமலே தெரிந்துவிடும்.

காகித வேலை

இந்த வேலையைக் கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள். இந்தியாவில் மோட்டார் பந்தயங்களுக்கு எஃப்.எம்.எஸ்.சி.ஐ.தான் தலைமை அமைப்பு. அதன் அனுமதியோடு நடக்கும் போட்டிகளுக்கு அவர்கள் தரும் போட்டி லைசன்ஸ் வேண்டும். மருத்துவச் சான்று, ரத்த வகை, போட்டோ எல்லாம் கேட்பார்கள். ஊர் பெயர் தெரியாத யாரோ ஒருவர் ரிசார்ட் வாசலில் பேனர் கட்டி நடத்தும் 'ஆஃப்ரோடு சாலஞ்ச்' என்றால், அனுமதி இருக்கிறதா, ஆம்புலன்ஸ் நிற்குமா, டாக்டர் யார் என்ற மூன்றையும் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் போகாதீர்கள்.

ஒவ்வொரு போட்டிக்கும் துணை விதிமுறை என்று ஒரு கையேடு வெளியிடுவார்கள். முப்பது நாற்பது பக்கம் இருந்தாலும் முழுசாகப் படியுங்கள். எந்தப் பிரிவில் எத்தனை சி.சி., என்ன மாற்றலாம், தாமதத்துக்கு எவ்வளவு தண்டனை, எதற்கு வெளியேற்றம், எல்லாம் அதில்தான் இருக்கும். பல போட்டிகளில் பெண்களுக்குத் தனிப் பிரிவும் உண்டு. பொண்ணுங்களுக்கு இதெல்லாம் எதுக்கு என்று வீட்டில் யாராவது இழுத்தால், பெங்களூருவின் ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019-ல் எஃப்.ஐ.எம். என்ற உலக மோட்டார் சைக்கிள் அமைப்பின் பாஹாஸ் (குறுகிய கிராஸ் கன்ட்ரி ராலி) உலகக் கோப்பையில் பெண்கள் பிரிவை வென்ற கதையைச் சொல்லுங்கள்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். உங்கள் வண்டிப் பத்திரத்தை எடுத்து, எதற்கெல்லாம் செல்லாது என்ற பகுதியைப் படியுங்கள். பந்தயம், வேகச் சோதனை போன்றவை அதில் இருக்கும். அதாவது ஸ்டேஜில் வண்டி நொறுங்கினால் செலவு உங்கள் தலையில். மருத்துவக் காப்பீட்டிலும் சாகச விளையாட்டு பற்றி ஒரு விலக்கு இருக்கும், மோட்டார் பந்தயம் அதில் பெயர் சொல்லியே வரும். தொழில்முறையில் கலந்துகொள்கிறவர்களுக்குத்தான் என்று எழுதியிருந்தாலும், உங்கள் நிறுவனம் அதை எப்படி எடுத்துக்கொள்கிறது என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். போட்டி நடத்துகிறவர்கள் தரும் விபத்துக் காப்பீடு எவ்வளவு தொகைக்கு என்பதையும் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

அப்புறம், ஊர் ரோட்டில் பயிற்சி எடுக்காதீர்கள். அனுமதி இல்லாமல் பொது ரோட்டில் பந்தயம் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி குற்றம். வண்டியில் கம்பெனி கொடுத்ததை மாற்றி அமைக்கிற வேலைக்கு 52-ஆம் பிரிவு இருக்கிறது. வாளையாறிலோ கோபாலபுரத்திலோ எல்லை தாண்டும்போது ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் கையில் இருக்கட்டும், சைலன்சர் வண்டியோடு வந்ததாகவே இருக்கட்டும். ஸ்டேஜ் ராலியில் பாதித் தூரம் ஊர் ரோடு என்பதால், போட்டியிலும் இதையெல்லாம் சோதிப்பார்கள்.

வண்டி

புது வண்டி வாங்கினால்தான் ராலி என்று நினைத்தால் வீட்டில் சண்டைதான் மிச்சம். நான் ஓட்டுவது பழைய எக்ஸ்பல்ஸ் 200. முன்சக்கரம் 21 இஞ்ச், பின்சக்கரம் 18, எடை 160 கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. முன்பக்க சஸ்பென்ஷன் 190 மில்லிமீட்டர் இறங்கும், பின்பக்கம் 170. கம்பெனியின் ராலி கிட் போட்டால் அது 250, 220 என்று ஏறும், சீட்டும் கூடவே ஏறும். கால் எட்டாதவர்கள் முதல் வருடம் அதைத் தொடவே வேண்டாம். நண்பன் ஒருவன் பழைய ஹிமாலயனில் வந்தான், அது கிட்டத்தட்ட 200 கிலோ. ரோட்டில் சோபா மாதிரி போகும், ஆனால் மத்தியானம் இரண்டு மணிக்கு மணலில் ஐந்தாவது தடவை கிடத்திவிட்டுத் தூக்கும்போது அந்த 40 கிலோ வித்தியாசம் முதுகுக்குத் தெரிந்தது.

பவர் கூட்ட செலவழிக்காதீர்கள். அடியில் என்ஜினுக்கு ஒரு கெட்டியான தகடு, லீவர் உடையாமல் இருக்க அலுமினியக் கம்பி வைத்த ஹேண்ட் கார்டு, நல்ல மண் டயர், புதுச் செயின், இவ்வளவு இருந்தால் போட்டிக்குப் போகலாம். ஹேண்டில்பாரை நின்றுகொண்டு ஓட்டும் உயரத்துக்குத் திருப்பி, கிளட்ச், பிரேக் லீவர்களைக் கொஞ்சம் கீழே இறக்கி வையுங்கள். உட்கார்ந்து ஓட்டும்போது சரியாக இருக்கும் லீவர், எழுந்து நின்றால் மணிக்கட்டை முறிக்கும். கிளட்ச் கேபிள் அறும் என்று பயம் இருந்தால் பழைய கேபிளோடு ஒட்டியே இன்னொரு கேபிளையும் இழுத்துக் கட்டி வையுங்கள், அறுந்தால் இரண்டு முனையை மட்டும் மாட்டினால் போதும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது மேனோன்பாறை ரோட்டில் கடை வைத்திருந்த ஒரு மெக்கானிக் சேட்டன். ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் எல்லா நட்டையும் முடுக்கி, அதன்மேல் பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போடுவார். கோடு விலகியிருந்தால் நட்டு கழன்றிருக்கிறது, கண்ணால் பார்த்தாலே தெரியும், ஸ்பேனர் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை.

உடுப்பில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள், இதில் நான் பிடிவாதக்காரன். நல்ல ஹெல்மெட், மோட்டோகிராஸ் பூட்ஸ், முட்டிக்கு நல்ல கார்டு, மார்புக்கும் முதுகுக்கும் கவசம், காகிள்ஸ், முதுகில் தண்ணீர்ப் பை. கழுத்துக் கவசம் சில போட்டிகளில் கட்டாயம். வேலைக்குப் போடும் ஷூவோடு மண் ஓட்டி கணுக்காலை வண்டிக்கும் கல்லுக்கும் நடுவில் கொடுத்தவர்கள் இரண்டு பேர் எங்கள் ஊரிலேயே நொண்டிக்கொண்டு நடக்கிறார்கள். பணம் பத்தவில்லை என்றால் வண்டியில் குறையுங்கள், பூட்ஸில் குறைக்காதீர்கள்.

பயிற்சி எங்கே, எப்படி

எங்கள் மண் ஒரு வரம். சித்தூர்ப் பக்கம் கிழக்கே போனால் கரிசல்; கேரளத்தில் கரிசல் மண் என்றால் இங்கேதான். கொஞ்சம் மேற்கே தள்ளினால் வெட்டுக்கல் பூமி, அதன்மேல் உருளும் சின்னச் சின்னக் கல்லில் பிரேக் பிடித்தால் கோலிக்குண்டு மேல் நிற்பது போல இருக்கும். பொள்ளாச்சிப் பக்கம் தோப்புகளுக்கு நடுவே செம்மண் வண்டிப்பாதை. காய்ந்த கரிசல் தார் ரோடு மாதிரி பிடிக்கும், ஒரு மழை பெய்துவிட்டால் மட்கார்டுக்குள் அப்பி சக்கரத்தையே சுற்றவிடாது, குச்சி வைத்துத்தான் சுரண்ட வேண்டும். முன் மட்கார்டை உயர்த்தி வைப்பது எதற்கு என்று அன்றைக்குப் புரியும்.

மணலில் பழக ஆற்றைத்தான் தேட வேண்டும். இருந்தாலும் ஆற்று மணலில் வண்டி விட எனக்கு மனசு வராது. அதற்குப் பதிலாக எங்கள் மில்லின் பின்னால் காயர் பித் இருக்கிறது. தேங்காய் மட்டையை அடித்து நார் எடுத்த பிறகு மிஞ்சும் காப்பிப் பொடி நிறத் தூள். முழங்கால் அளவுக்குப் பரப்பிக் காயப்போட்டிருப்பார்கள். முதலாளி மாமாவிடம் கேட்டு, ஓரத்தில் ஐம்பது மீட்டருக்கு ஒரு பட்டை ஒதுக்கிக்கொண்டேன். முதல் தடவை உள்ளே விட்டதும் முன்சக்கரம் குத்திக்கொண்டு நின்றது, நான் மட்டும் ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய்ப் பித்தில் முகம் புதைத்தேன். வாயெல்லாம் நார். பயந்து ஆக்சிலேட்டரை மூடினேன் பாருங்கள், அங்கேதான் தப்பு. மூடினால் எடை முன்னால் வருகிறது, முன்சக்கரம் தோண்டிக்கொள்கிறது. எழுந்து நின்று, இடுப்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, முழங்காலால் டேங்கை இறுக்கி, ஒரே சீரான ஆக்சிலேட்டரில், கண்ணைப் பட்டையின் அந்தக் கோடியில் நிற்கும் தென்னை மேல் வைத்துப் போனால், ஹேண்டில் கையில் பாம்பு மாதிரி நெளியும். நெளியட்டும், விடுங்கள். அதைப் பிடித்து நேராக்கப் பார்த்தால்தான் விழுவோம். நாலு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று எனக்கு, பயம் போக. மழையில் நனைந்த பித் தண்ணீரைக் குடித்துக் கனத்துக் கிடக்கும், அன்றைக்கு உள்ளே போகாதீர்கள்.

மற்றபடி பயிற்சி சலிப்பூட்டும் வேலைதான். ஒரு மணி நேரம் உட்காராமல் ஓட்டுவது. மண்ணில் முன் பிரேக்கை ஒற்றை விரலால், சக்கரம் பூட்டிக்கொள்ளும் எல்லை வரை அமுக்கிப் பழகுவது. எட்டு போடுவது. கிடக்கும் வண்டியைத் தூக்குவது: ஹேண்டிலைக் கோடிவரை திருப்பி, வண்டியோடு ஒட்டி உட்கார்ந்து, முதுகால் இல்லாமல் தொடையால் எழுப்ப வேண்டும். ஒரே மூச்சில் பத்து தடவை தூக்கிப் பாருங்கள், ஜிம்முக்குப் போக வேண்டுமா இல்லையா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

சொந்த நிலம், இல்லையென்றால் அனுமதி கேட்ட தரிசு. ஆனைமலைப் பக்கமும் பரம்பிக்குளம் பக்கமும் பாதை அழகாகத் தெரியும், அது புலிகள் காப்பகம், உள்ளே வண்டி விட்டால் வழக்கு வரும். காட்டோரத் தோட்டங்களில் அனுமதி கிடைத்தாலும் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் நிற்காதீர்கள். யானைக்கு முன்னால் எந்தச் சஸ்பென்ஷனும் உதவாது.

ரோடு புக்

புது ஆட்கள் கண்டுகொள்ளாமல் விடுவது இதைத்தான். கிராஸ் கன்ட்ரியில் உங்கள் கையில் இருப்பது சுருட்டிய ஒரு காகிதம். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று பகுதி. இடது பக்கம் தூரம்: பெரிய எழுத்தில் தொடக்கத்திலிருந்து எவ்வளவு, சின்ன எழுத்தில் முந்தைய கட்டத்திலிருந்து எவ்வளவு. நடுவில் படம்: அடியில் ஒரு புள்ளி, அங்கிருந்துதான் நீங்கள் வருகிறீர்கள், அம்புக்குறி இருக்கும் பக்கம் போக வேண்டும். வலது பக்கம் குறிப்பு: பாலம், கோயில், பள்ளம், திசைகாட்டி எத்தனை டிகிரி காட்ட வேண்டும், இப்படி. ஆச்சரியக்குறி ஒன்று என்றால் கவனம், இரண்டு என்றால் ஆபத்து, மூன்று என்றால் ஏறக்குறைய நின்றுவிடுங்கள். மூன்று போட்ட இடத்தில் எழுதினவர் விளையாட்டுக்குப் போடவில்லை.

விலை கொடுத்து வாங்கும் ஹோல்டர் வேண்டாம், முதல் வருடத்துக்கு வீட்டிலேயே செய்யலாம். மூடி வெளிச்சமாக இருக்கும் பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பா ஒன்று, அதற்குள் குறுக்கே இரண்டு அரை இஞ்ச் பி.வி.சி. குழாய், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் திருக ஒரு பாட்டில் மூடி. காகிதத்தை ஒட்டி ஒட்டி நீளமாக்கி ஒரு குழாயில் சுற்றி, இன்னொன்றில் இழுக்க வேண்டும். அம்மா அந்த டப்பாவை இரண்டு நாள் தேடினார்.

தூரம் காட்ட சைக்கிளுக்கு விற்கும் மீட்டர் போதும், காந்தத்தை முன்சக்கர ஸ்போக்கில் மாட்ட வேண்டும். 90/90-21 டயருக்குச் சுற்றளவு கணக்குப்படி 2185 மி.மீ. வரும். அதை அப்படியே போடாதீர்கள். டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, நீங்கள் உட்கார்ந்து, ஒரு சுற்று உருட்டி, தரையில் அளந்து போடுங்கள், கொஞ்சம் குறையும். இரண்டு சதவீதம் தப்பினால் 50 கிலோமீட்டரில் ஒரு முழுக் கிலோமீட்டர் விலகும். அதற்குள் மூன்று சந்து வந்து போயிருக்கும். அதனால் ரோடு புக்கில் தெளிவாகத் தெரியும் ஒவ்வோர் அடையாளத்திலும், ஒரு பாலமோ கோயில் வளைவோ, மீட்டரை அந்த எண்ணுக்குத் திருத்திவிடுங்கள். முடியாத மீட்டர் என்றால் எவ்வளவு வித்தியாசம் என்று மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

முந்தின நாள் ராத்திரி ரோடு புக்கைக் கொடுத்தால் உட்கார்ந்து வர்ணம் பூசுங்கள். ஆபத்துக்குச் சிவப்பு, திரும்பும் இடத்துக்குப் பச்சை, நேரம் குறிக்கும் இடத்துக்கு மஞ்சள், எது எதற்கு என்பது உங்கள் இஷ்டம், ஆனால் எப்போதும் அதே. ஓடும்போது எழுத்து படிக்க முடியாது, நிறம்தான் கண்ணில் படும்.

என் கதை இங்கேதான் கெட்டது. முதல் ராலியில், 31-வது கிலோமீட்டரில் இடப்பக்கம் ஒரு சந்து இருப்பது காகிதத்தில் இருந்தது, நான் பச்சையும் பூசியிருந்தேன். ஆனால் எனக்கு முன்னால் புழுதி. புழுதி என்றால் ஆள், ஆள் என்றால் வழி என்று நினைத்துவிட்டேன். நாலு கிலோமீட்டர் கழித்துப் புழுதி நின்றது, உள்ளே பார்த்தால் பால் கேன் கட்டிய ஒரு எக்ஸ்.எல். அவர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார். "எங்க போறீங்க தம்பி, இதுக்கு மேல ரோடு இல்லைங்க" என்றார். திரும்பிப் போகிற அவசரத்தில் ஒரு கல் விளிம்பில் அடித்து, பின் ட்யூப் போனது.

எங்கள் வீட்டுப் பக்கம் வாய்க்கால் ஓரத்து வண்டிப்பாதை, கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வரை குறுக்குச் சந்துகள், இதையெல்லாம் வைத்து நண்பனை ஒரு ரோடு புக் எழுதச் சொல்லுங்கள். அடுத்த வாரம் நீங்கள் அவனுக்கு எழுதுங்கள். 25 கி.மீ. சராசரி என்று வைத்துக்கொண்டால் ஏழரை கிலோமீட்டருக்குப் பதினெட்டு நிமிடம். யாருக்கும் தொந்தரவில்லாத வேகம், மூளைக்கு மட்டும் வேலை.

பஞ்சர்

ட்யூப் டயரில் காற்றைக் குறைத்தால் மண்ணில் பிடிப்பு கிடைக்கும், ரொம்பக் குறைத்தால் கல் விளிம்பில் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே ட்யூப் மாட்டி, பாம்பு கடித்த மாதிரி அடுத்தடுத்து இரண்டு ஓட்டை விழும். எங்கள் கல் பூமியில் நான் 22 பி.எஸ்.ஐ.க்குக் கீழே இறக்குவதில்லை. மணல் போட்டி என்றால் இன்னும் இறக்கலாம், அப்போது டயர் ரிம்மில் வழுக்காமல் பிடிக்க ரிம் லாக் வேண்டும்.

மாற்றுவதை வீட்டில் பழகுங்கள், அதுவும் பையில் எடுத்துப் போகும் சாமானை மட்டும் வைத்து, மத்தியான வெயிலில். ஆக்சில் நட்டுக்குச் சரியான ஸ்பேனர், மூன்று டயர் லீவர், வால்வு கழற்றும் குச்சி, கைப் பம்பு, ட்யூப் மேல் தடவ சின்ன டப்பாவில் முகப் பவுடர். இடம் இல்லையென்றால் 21 இஞ்ச் ட்யூப் மட்டும் எடுத்துப் போங்கள். அவசரத்துக்கு 18 இஞ்ச் பின்சக்கரத்திலும் அதை நுழைத்து ஊர் போய்ச் சேரலாம், தலைகீழாகச் செய்ய முடியாது. டயர் விளிம்பு ரிம்மை விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தால், இன்னொரு வண்டியின் சைடு ஸ்டாண்டை அதன்மேல் வைத்து அந்த வண்டியைச் சாய்த்தால் டப்பென்று விடும். லீவரை ஆழமாகக் குத்தாதீர்கள், புது ட்யூபில் ஓட்டை போடுவது பெரும்பாலும் நம் லீவர்தான். ஒரு பக்கம் நெம்பும்போது எதிர்ப்பக்க விளிம்பை முழங்காலால் அழுத்தி ரிம்மின் நடுப் பள்ளத்துக்குள் தள்ளி வைத்தால் வேலை பாதி. அது தெரியாமல் நான் முதல் தடவை மில் வாசலில் 40 நிமிடம் போராடினேன், லோடுமேன்கள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றி நின்று யோசனை சொன்னார்கள். இப்போது பதினைந்து நிமிடத்தில் முடியும்.

போட்டி நாள்

வண்டிச் சோதனைக்கு முதல் ஆட்களில் ஒருவராகப் போங்கள். ஏதாவது குறை சொன்னால் சரி செய்ய நேரம் இருக்கும். ஓட்டுநர் கூட்டத்தில் பின்வரிசையில் நின்று அரட்டை அடிக்காதீர்கள், நேற்று ராத்திரி மழையில் பாதை மாறியதை அங்கேதான் சொல்வார்கள். முந்தின நாள் கள்ளு வேண்டாம். எங்கள் சித்தூர்க் கள்ளைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஆசை வருவது நியாயம்தான், ஞாயிறு சாயங்காலம் வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் இரண்டு இட்லி, கொஞ்சம் கஞ்சி. தண்ணீர்ப் பையில் வெறும் தண்ணீர் மட்டும் போதாது, ஒரு லிட்டருக்கு ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கரைத்துக்கொள்ளுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் கால் மணிக்கு ஒரு வாய். தலை கனத்து, வியர்வை நின்று, குளிர்கிற மாதிரி இருந்தால் போட்டியை விட்டு நிழலுக்குப் போங்கள், மார்ஷலைக் கூப்பிடுங்கள்.

நேரம் குறிக்கும் இடத்துக்குத் தாமதமாக வந்தாலும் தண்டனை, முந்தி நுழைந்தாலும் பெரும்பாலும் தண்டனை. முந்தி வந்துவிட்டால் மஞ்சள் பலகைக்கு வெளியே நின்று, உங்கள் நிமிடம் வந்த பிறகு உள்ளே போங்கள். உங்கள் நேரக் கார்டில் எழுதிய நேரத்தை அங்கேயே சரிபாருங்கள். அப்புறம் போய் முறையிட்டால் நடுவர் என்ன செய்வார், பாவம்.

முதல் பத்து கிலோமீட்டர் வேண்டுமென்றே மெதுவாக. கை இறுகிப்போவது அந்தப் பத்தில்தான். முன்னால் போகிறவரின் புழுதி கண்ணை மறைத்தால் காற்று எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். எங்கள் கணவாயில் ஆடி மாதம் மேற்கிலிருந்து தள்ளும், புழுதி கிழக்கே ஒதுங்கும், பாதையின் மேற்கு ஓரத்தில் போனால் கொஞ்சமாவது தெரியும். தெரியவே இல்லை என்றால் வேகத்தை விட்டுவிடுங்கள். பின்னால் வேகமான ஆள் வந்து ஹாரன் அடித்தால் பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி வழி விடுங்கள்.

யாராவது விழுந்து கிடந்தால் நின்றாக வேண்டும். அவர் எழுந்து கட்டை விரலைக் காட்டினால் போகலாம். காட்டவில்லை என்றால் உங்கள் வண்டியை அவருக்கு முன்னால், வருகிறவர்களுக்குத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள், அவருடைய ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள், அடுத்து வருகிறவரிடம் மார்ஷலுக்குச் சொல்லி அனுப்புங்கள். நின்ற நேரத்தைக் குறித்துக்கொண்டு முடிவில் சொன்னால், பெரிய ராலிகளில் அதைத் திருப்பிக் கொடுப்பது வழக்கம். கொடுக்காவிட்டாலும் நிற்க வேண்டும்.

நீரோடையில் வண்டி மூழ்கி நின்றுவிட்டால் செல்ஃபை அமுக்காதீர்கள். என்ஜினுக்குள் தண்ணீர் இருந்தால் உள்ளே இருக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஏர் பாக்ஸைத் திறந்து வடித்து, பிளக்கைக் கழற்றி, அதன் பிறகு சுற்றவிட்டுத் தண்ணீரைத் துப்ப வைத்து மறுபடி மாட்டுங்கள்.

திங்கட்கிழமை

வாட்டர் சர்வீஸ் கடையில் கொடுத்து அடிக்கச் சொல்வதாக இருந்தால், சக்கர பேரிங் பக்கமும் ஸ்டியரிங் பக்கமும் பைப்பைக் காட்ட வேண்டாம் என்று கூடவே நின்று சொல்லுங்கள், எண்ணெய்ப் பசையெல்லாம் போய்விடும். ஏர் ஃபில்டரைக் கழற்றினால் எங்கள் செம்மண் பால்கோவா மாதிரி அப்பியிருக்கும். காகித ஃபில்டர் என்றால் மாற்றுங்கள். ஸ்பான்ஜ் என்றால் கழுவி, நிழலில் காயவைத்து, எண்ணெய் பிழிந்து போடுங்கள். அப்புறம் ஸ்பேனரால் ஒவ்வொரு ஸ்போக்கையும் தட்டிக்கொண்டே சக்கரத்தைச் சுற்றுங்கள். டிங், டிங், டிங் என்று வரும், நடுவில் ஒன்று டொக் என்றால் அது தளர்ந்திருக்கிறது. என் பின்சக்கரத்தில் அன்றைக்கு ஆறு டொக்.